கோல்ஃபில் தொண்ணூறுக்குள் வர எதில் பணம் போடுவது? டிரைவரா, கோச்சா, ஷார்ட் கேமா?

போன மாதம் மாப்பிள்ளை வந்திருந்தான். என் மனைவியின் தம்பி. கோவையில் பம்ப் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் செட்டிபாளையத்தில் கோல்ஃப் ஆடுவான். மாதம் ஒரு தடவையாவது பையைக் காரில் போட்டுக்கொண்டு குன்னூருக்கு ஏறி வந்துவிடுவான். இரண்டு பேரும் ஊட்டியில் ஒரு ரவுண்டு போவோம். பதினெட்டு குழியையும் (ஹோல்) நூறு ஷாட்டுக்குள் முதல் தடவை முடித்த அன்று ஒரு கிலோ ஜிலேபியோடு வீட்டுக்கு வந்தவன் அவன். அதற்கப்புறம் நான்கு வருடமாக ஸ்கோர் 94-க்கும் 99-க்கும் நடுவிலேயே நிற்கிறது.

அன்றைக்கு ரவுண்டு முடிந்து டீ குடிக்கும்போது கேட்டான். "மாமா, இந்த வருஷம் கோல்ஃபுக்குன்னு ஐம்பதாயிரம் ஒதுக்கியிருக்கேன். புது டிரைவர் வாங்கட்டுமா, கோச்கிட்ட போகட்டுமா, இல்ல எல்லாரும் ஷார்ட் கேம் ஷார்ட் கேம்ங்கறாங்களே, அதைப் பாக்கட்டுமா? எதைச் செஞ்சா தொண்ணூறுக்குள்ள வருவேன்?"

நியாயமான கேள்வி. (டிரைவர் என்பது தொலைதூரத்துக்கு அடிக்கும் நீளமான கிளப், அதாவது மட்டை. கிரீன் என்பது குழி இருக்கும் வழவழப்பான புல்தரை. அதன் மேலும் பக்கத்திலும் அடிக்கும் சின்ன ஷாட்கள்தான் ஷார்ட் கேம்.) நானும் அதே இடத்தில் ஆறு வருடம் மாட்டிக்கொண்டு கிடந்தவன்தான். வேலைக்குப் போகிறவனுக்குப் பணமும் அளவு, நேரமும் அளவு. எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய முடியாது. ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். "முதல்ல பாக்கெட்ல இருக்கற கார்டை எடு மாப்ள" என்றேன்.

கார்டில் 97. பதினெட்டு ஹோலையும் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி ஓரத்தில் பென்சிலால் குறித்தோம். மூன்று பந்து தொலைந்திருந்தது. மூன்றும் டீயில், அதாவது ஹோல் தொடங்கும் இடத்தில், வைத்து டிரைவரால் அடித்தவை. மூன்றும் வலது பக்கம் வளைந்து புதருக்குள் போனவை. பந்து தொலைந்தால் ஒரு பெனால்டி, அதோடு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். ஒரு பந்துக்கு இரண்டு ஷாட் காலி, மூன்றுக்கு ஆறு. அப்புறம், மூன்று பட் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் அடி) போட்ட கிரீன் நான்கு. கிரீனுக்குப் பக்கத்திலிருந்து சிப் செய்தும், அதாவது சின்னதாகத் தட்டித் தூக்கியும், கிரீன் ஏறாத பந்து ஐந்து.

தொலைந்த பந்துகளின் ஆறை மட்டும் கழித்தால் 91. மூன்று பட் போட்ட நான்கு கிரீனில் இரண்டில் இரண்டு பட்டோடு முடித்திருந்தால் 89. ஸ்விங்கில் ஒரு மாற்றமும் தேவையில்லை. மாப்பிள்ளை கார்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இங்கே இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இலக்கின் அளவைத் தெரிந்துகொள்ளாமல் பலர் தேவையில்லாத பாரத்தைச் சுமக்கிறார்கள். பார் என்பது ஒரு ஹோலுக்கோ மைதானம் முழுவதுக்கோ வகுத்த ஷாட் கணக்கு. ஒரு ஹோலில் அதைவிட ஒன்று கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி, ஒன்று குறைந்தால் பர்டி. கார்டில் பார் 72 என்று இருந்தால், எல்லா ஹோலிலும் போகி போட்டால் சரியாக 90. உள்ளே வர ஒரே ஒரு பார் வேண்டும். பார் 71 என்றால் எல்லாமே போகி போட்டாலும் 89. பார் 70 என்றால் 88. ஒரு டபுள் போகி போட்டாலும் தப்பித்துவிடலாம். அதாவது தொண்ணூறுக்குள் வர பர்டி வேண்டாம், மிஞ்சிப்போனால் ஒரே ஒரு பார் போதும். ஏழும் எட்டும் கார்டில் விழாமல் இருந்தால் போதும். 2020-ல் வந்த உலக ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறமையை எண்ணால் குறிக்கும்) முறையில், கடைசி 20 ரவுண்டில் சிறந்த 8-ஐத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு ஹோலில் எவ்வளவு மோசமாக ஆடினாலும் அதற்கும் ஒரு உச்சவரம்பு வைத்துக் குறைத்துவிடுகிறார்கள். தொண்ணூறை உடைப்பதில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு ஹோலில் ஒன்பது போட்டால் ஒன்பதும் கணக்கில் ஏறும். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என் கார்டிலிருந்து அந்த ஏழையும் எட்டையும் இது எடுத்துப் போடுமா?

சரி, டிரைவரில் தொடங்குகிறேன். அவன் மனசு அதில்தான் இருந்தது.

இந்த வருட மாடல் ஒன்று வாங்கினால் ஒதுக்கிய ஐம்பதாயிரமும் அதிலேயே முடிந்துவிடும். அதற்கு என்ன கிடைக்கும்? டிரைவர் தலையின் அளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. முகப்பு பந்தை எவ்வளவு துள்ள வைக்கலாம் என்பதற்கும் விதியில் எல்லை உண்டு. இந்த எல்லைகள் வந்து இருபது வருடம் ஆகிவிட்டது. நல்ல கம்பெனிகள் எல்லாம் எப்போதோ அந்த எல்லையைத் தொட்டுவிட்டன. அதற்கப்புறம் வந்த முன்னேற்றம் பெரும்பாலும், நடுவில் படாமல் ஓரத்தில் பட்ட பந்து எவ்வளவு வீணாகிறது என்பதைக் குறைப்பதில்தான். அது நல்ல விஷயம், மறுக்கவில்லை. இருபது வருடத்துக்கு முந்தைய சின்னத் தலை டிரைவரை வைத்துக்கொண்டிருப்பவர் தாராளமாக மாற்றலாம். ஆனால் மாப்பிள்ளையிடம் இருப்பது ஆறு வருடத்து டிரைவர். அவனுடைய பந்து வலது பக்கம் வளைவதற்குக் காரணம், அடிக்கும் நொடியில் கிளப்பின் முகம் அது போகும் பாதைக்கு வலது பக்கமாகத் திறந்து நிற்பது. புது டிரைவரை அதே கை பிடித்தால் அதே முகம் அதே மாதிரிதான் திறக்கும். இருபது யார்டு கூடுதலாகப் போகும் ஸ்லைஸ் (இப்படி வலது பக்கம் வளையும் அடி) புதருக்குள் இருபது யார்டு ஆழமாகப் போகும்.

கிளப் விஷயத்தில் ஒன்று மட்டும் உடனே செய்யச் சொன்னேன். அவன் கிளப்புகளின் கிரிப் எல்லாம் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது. கோவை வெயிலில் அது தெரியாது. இங்கே காலை மூடுபனியில் கையும் கிரிப்பும் ஈரமாக இருக்கும்போது, கிளப் கையில் திரும்பிவிடுமோ என்று நம்மை அறியாமலே இறுக்கிப் பிடிப்போம். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு விறைக்கும், முகம் மூடாது, பந்து வலது பக்கம் போகும். கிரிப் மாற்ற ஆகும் செலவு டிரைவர் விலையில் சின்னத் துண்டு. கூடவே மழைக்குப் போடும் கையுறை ஒரு ஜோடி. மலையில் ஆடுபவருக்கு இந்த இரண்டும் போன்ற லாபமான முதலீடு வேறு கிளப்பிலோ பந்திலோ இல்லை என்பது என் அனுபவம்.

அடுத்து ஷார்ட் கேம். கிளப் வராந்தாவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: பாதி ஷாட் கிரீனைச் சுற்றித்தான், அதனால் பட்டிங்கும் சிப்பிங்கும் பழகு, ஸ்கோர் தானாக இறங்கும். நானும் பல வருடம் இதை அப்படியே நம்பினேன். பிறகுதான் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி செய்த கணக்கைப் படித்தேன். ஒவ்வொரு ஷாட்டும் அது கிளம்பிய இடத்திலிருந்து குழிக்கு எவ்வளவு உதவியது என்று அளக்கும் முறையை உருவாக்கியவர் அவர். பிஜிஏ டூர் 2011-லிருந்து பட்டிங்குக்கு அந்த முறையையே பயன்படுத்துகிறது. பெரிய அளவில் ஷாட்களை அளந்து அவர் கண்டது: நன்றாக ஆடுபவருக்கும் சுமாராக ஆடுபவருக்கும் இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 100 யார்டுக்கு வெளியே அடிக்கும் ஷாட்களிலிருந்து வருகிறது. மிச்சமிருக்கும் ஒரு பங்குதான் சிப்பிங்கும் பட்டிங்கும் சேர்ந்து.

இதைக் கேட்டதும் மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. "அப்ப டிரைவர்தானே மாமா?" என்றான். அங்கேதான் நிதானிக்க வேண்டும். நீண்ட ஷாட்டில் நிறைய இழக்கிறோம் என்பது உண்மை. அந்த இழப்பு எந்த வடிவத்தில் வருகிறது என்று அவரவர் கார்டைத்தான் கேட்க வேண்டும். மாப்பிள்ளைக்கு அது தூரக் குறைவாக வரவில்லை. தொலைந்த பந்தாக வருகிறது. அவன் டிரைவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் போகிறது.

அதற்காக ஷார்ட் கேமை ஒதுக்கிவிட முடியாது. வாரத்துக்கு ஒரு நாள்கூட மைதானத்துக்குப் போக முடியாதவருக்கு வீட்டுக்குள்ளேயே பழக முடிந்தது இது ஒன்றுதான். எதைப் பழகுவது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். டூரில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டு அடி தூரத்துப் பட்டில் பாதியைத்தான் போடுகிறார்கள். அந்த எட்டு அடியை நாம் விட்டுவிட்டு நொந்துகொள்வதில் அர்த்தமில்லை. மூன்று பட் விழுவது பெரும்பாலும் முதல் பட்டில். நாற்பது அடியிலிருந்து உருட்டிய பந்து எட்டு அடி குறைவாக நின்றுவிடுகிறது, அல்லது எட்டு அடி தாண்டிப் போகிறது. ஆக, பழக வேண்டியது இரண்டு: தூரத்திலிருந்து மூன்று அடி வட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவது, அந்த மூன்று அடியைத் தவறாமல் போடுவது. இரண்டாவதை வீட்டுக் கம்பளத்தில் தினம் பத்து நிமிடம் பழகலாம். முதலாவதை, டீ ஆஃபுக்கு முன்னால் பயிற்சி கிரீனில் கால் மணி நேரம்.

மலைக் கிரீனில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கண் ஏமாற்றும். சுற்றிலும் சரிவாக இருக்கும்போது, லேசாகச் சாய்ந்த கிரீன் சமதளமாகவே தெரியும். சில சமயம் இறக்கம் ஏற்றமாகத் தெரியும். எங்களோடு வழக்கமாகப் பை தூக்கி வரும் கேடி அண்ணன் ஒருவர், முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் புல்லிலேயே நடந்தவர். குழிக்கும் பந்துக்கும் நடுவில் உட்கார்ந்து பார்க்கவே மாட்டார். கிரீனுக்கு ஏறும் முன்பே நின்று, சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். "மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு பாருங்க சார். பந்தும் அந்தப் பக்கந்தான் ஓடும்." அவ்வளவுதான் அவர் பாடம். நான் என் கண்ணை நம்பிய இடங்களில் தோற்றிருக்கிறேன், அவர் சொன்ன தண்ணீரை நம்பிய இடங்களில் அநேகமாகத் தப்பித்திருக்கிறேன்.

சிப்பிங்கில், இணையத்தில் பார்த்துப் பழகியது பலருக்கு இங்கே எடுபடாமல் போவதற்குக் காரணம் புல். நம் மலையில் பரவிக் கிடக்கும் கிகுயு புல் தடியானது, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு படருவது. ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவில் இருக்கும் வெட்டிய புல்பாதை) பந்தைத் தூக்கி நிறுத்திக் காட்டும், அது வரம். ஆனால் கிரீனுக்கு முன்னால் அதே புல் வேட்டியில் ஒட்டும் நாயுருவி மாதிரி பந்தைப் பிடித்துக்கொள்ளும். எட்டாம் அயர்னில் (அயர்ன் என்பது இரும்புத் தலை கிளப்; எண் கூடக் கூடத் தூரம் குறையும்) தாழ்வாகத் தட்டி, புல்லில் ஒரு குதி குதித்துக் கிரீனுக்கு உருண்டு போகட்டும் என்று விட்டால், விழுந்த இடத்திலேயே செத்து நிற்கும். மாப்பிள்ளையின் ஐந்து சிப்பில் மூன்று அப்படித்தான் நின்றன. இங்கே தாழ்வான சிப் அடித்தாலும் முதல் குதி கிரீனுக்குள்தான் விழ வேண்டும். கிரீன் ஓரத்திலிருந்து ஒரு அடி உள்ளே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, அங்கே போடுவதற்கு எந்த வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் குட்டை கிளப்) சரியோ அதை எடுக்க வேண்டும். கிளப் புல்லுக்குள் போகும்போது புல் அதன் கழுத்தைப் பிடித்து முகத்தைத் திருப்பப் பார்க்கும்; அதற்காக மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உறுதியான பிடி. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள ஒரு மதியம் போதும்; பணம் வேண்டியதில்லை.

கோச். இதில் எனக்கு நல்லதும் கெட்டதும் நடந்திருக்கிறது. பல வருடம் முன்பு ஒரு நகரத்தில், ஒரு பயிற்சியாளரிடம் மூன்று நாள் போனேன். முதல் நாளே பிடி, நிற்கும் விதம், தோள் திரும்பும் அளவு, கிளப் மேலே போகும் பாதை எல்லாவற்றையும் மாற்றினார். மூன்றாம் நாள் எனக்குப் பந்தைத் தொடவே பயமாகிவிட்டது. எட்டு மாதம் என் ஸ்கோர் நூறைத் தாண்டியே இருந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம், கோச்சிடம் போவதே வீண் என்று அதற்கப்புறம் நான் எடுத்த முடிவுதான் அதைவிடப் பெரிய தவறு. அதில் மூன்று வருடம் போய்விட்டது.

இரண்டாவது தடவை போனபோது கேள்வியை நானே எடுத்துக்கொண்டு போனேன். "என் பந்து வலது பக்கம் வளைகிறது. அதை மட்டும் குறைத்துக் கொடுங்கள். நேராகப் போக வேண்டாம், தொலையாமல் இருந்தால் போதும்." அவர் என் இடது கையை மட்டும் கிரிப்பின் மேல் கொஞ்சம் வலது பக்கமாகத் திருப்பி வைத்தார். குனிந்து பார்த்தால் இரண்டு விரல் முட்டி தெரிந்த இடத்தில் மூன்று விரல் முட்டி தெரிந்தது. முதல் இருபது பந்து இடது பக்கம் ஓடியது. "ஓடட்டும்" என்றார். அந்த மணி நேரம் முடிவதற்குள் பந்து வளைவது பாதியாகக் குறைந்தது. ஐந்து வகுப்பு போனேன். ஐந்திலும் அந்த ஒரே விஷயம்தான்.

ஆக, கோச்சுக்குக் கொடுக்கும் பணம் டிரைவருக்குக் கொடுக்கும் பணத்தைவிட வேலை செய்யும், ஒரு நிபந்தனையோடு: ஒரே ஒரு நோயைச் சொல்லி ஒரே ஒரு மருந்து கேட்க வேண்டும். இன்னொன்று, நேரம். ஸ்விங்கில் சின்ன மாற்றம்கூட முதலில் ஸ்கோரைக் கெடுத்துவிட்டுத்தான் பிறகு சரிசெய்யும். அடுத்த வாரம் போட்டி இருக்கும்போது கோச்சிடம் போகாதீர்கள்.

மாப்பிள்ளை பட்டியலில் நான்காவது வழி ஒன்று விட்டுப்போயிருந்தது. அதற்குக் கடையில் விலை இல்லை என்பதால் யாருக்கும் தோன்றுவதில்லை. நம் மலைக்கேற்ற மாதிரி ஆட்டத்தைத் திட்டமிட்டு ஆடுவது. தொண்ணூற்று ஐந்தில் நிற்பவருக்கு முதல் ஆறு ஷாட் இதிலிருந்துதான் கிடைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டி 7,000 அடிக்கு மேலே. காற்று மெலிந்திருப்பதால் பந்து அதிக தூரம் பறக்கும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் என்பது பொதுவான கணக்கு. கோவை 1,350 அடி சொச்சம். அங்கே ஏழாம் அயர்னில் 150 யார்டு அடிப்பவருக்கு இங்கே அதே அடி 160-ஐத் தொடும். பத்து யார்டு என்பது கிரீனின் நடுவுக்கும் கிரீனுக்குப் பின்னால் இருக்கும் சரிவுக்கும் உள்ள வித்தியாசம். அதே நேரம், ஜனவரியில் உறைபனி விழுந்த காலை ஏழு மணிக்கு, குளிர்ந்த காற்றும் குளிர்ந்த பந்தும் சேர்ந்து அந்த லாபத்தில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். நாலு ஸ்வெட்டர் போட்ட உடம்பும் முழுசாகத் திரும்பாது. பதினோரு மணி வெயிலில் அதே கிளப் வேறு தூரம் போகும். மேலே இருக்கும் கிரீனுக்கு, எத்தனை யார்டு உயரமோ ஏறக்குறைய அத்தனை யார்டு கூட்டிக்கொள்ள வேண்டும். கீழே இருந்தால் கழிக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் மனசில் கூட்டிக் கழித்து ஒரு எண்ணாகச் சொல்லக்கூடியவர் பக்கத்திலேயே நடந்து வருகிறார். நான் ஏழாம் அயர்னைத் தொடும்போது கேடி அண்ணன் "எட்டு எடுங்க சார்" என்பார். ஐந்து வருடம் நான் அவரோடு வாதாடினேன்.

நிற்கும் இடமும் அப்படியே. இங்கே சமதளத்தில் நின்று அடிக்கும் ஷாட் டீயில் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம். வலது கைக்காரருக்கு, பந்து பாதத்தைவிட மேலே இருந்தால் இடது பக்கம் போகும். கீழே இருந்தால் வலது பக்கம். ஏற்றத்தில் நின்று அடித்தால் பந்து உயரமாகப் போய்ச் சீக்கிரம் விழும், ஒரு கிளப் கூட்டி எடுக்க வேண்டும். இறக்கத்தில் தாழ்ந்து ஓடும். சமவெளி மைதானத்தில் ஆடிப் பழகியவர்கள் இதைப் படித்திருப்பார்கள், ஆனால் உடம்புக்குத் தெரியாது. மாப்பிள்ளை சரிவில் நின்றால் நேராகக் கொடியைப் பார்த்தே அடிப்பான். டீயைத் தாண்டி ஃபேர்வேயில் அவன் பந்து வலது பக்கம் போனதில் பாதி ஸ்விங்கின் குற்றமே இல்லை; பாதத்துக்குக் கீழே இருந்த பந்து அது.

அப்புறம் அந்த முட்புதர். ஊட்டி மைதானம் இருக்கும் வென்லாக் டவுன்ஸ் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும்: மஞ்சள் பூ பூத்து, பார்க்க அழகாக நிற்கும் கோர்ஸ் (gorse) என்ற புதர். வெள்ளைக்காரர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்து மலையில் வேர்விட்டது. இலை எல்லாம் முள். கை விட முடியாது. தேடுவதற்கு விதி கொடுப்பது மூன்று நிமிடம்தான். சந்தேகம் வந்தால் நடக்கத் தொடங்கும் முன்பே, "புரொவிஷனல் அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு பந்தை அடித்துவிட வேண்டும். பாதி தூரம் போய்த் திரும்பி வருவது கால் வலியோடு மனசையும் கலைத்துவிடும். பந்து புதருக்குள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பலர் அதை எப்படியாவது வெட்டி எடுக்கப் பார்க்கிறார்கள். என் கண்ணெதிரே ஒருவர் அப்படி நான்கு அடி அடித்து, ஐந்தாவதில் பந்து இன்னும் உள்ளே போனது. கை முழுக்கக் கீறல். ஆட முடியாத பந்து என்று அறிவித்தால் ஒரே ஒரு பெனால்டி. இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் வெளியே முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விடலாம். அந்த ஒரு ஷாட்டை விட்டுக்கொடுத்தால் கார்டில் ஒன்பதுக்குப் பதில் ஆறு விழும். சில கிளப்களில், தொலைந்த பந்துக்குத் திரும்பிப் போகாமல் இரண்டு பெனால்டியோடு ஃபேர்வே ஓரத்தில் விட்டு ஆடவும் உள்ளூர் விதி இருக்கும். ஆட்டம் தொடங்கும் முன் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட, புதர் இருக்கும் பக்கத்துக்குப் பந்து போகவே கூடாது. ஒரு 400 யார்டு பார் 4-ஐ எடுத்துக்கொண்டு மாப்பிள்ளைக்குப் பென்சிலால் வரைந்து காட்டினேன். போகிதான் நமக்கு வேண்டியது, அதாவது ஐந்து ஷாட். இரண்டு பட் போக மூன்று ஷாட்டில் கிரீனில் இருந்தால் போதும். ஹைப்ரிட்டில் (டிரைவருக்கும் அயர்னுக்கும் நடுப்பட்ட கிளப்) 170, ஏழாம் அயர்னில் 150, மிச்சம் 80 யார்டுக்கு ஒரு வெட்ஜ். மூன்றுமே அவன் தூக்கத்திலும் அடிக்கும் ஷாட். டிரைவர் இந்தப் படத்திலேயே இல்லை. "அசிங்கமா இருக்குமே மாமா, எல்லாரும் டிரைவர் எடுக்கறப்ப" என்றான். கார்டில் எந்தக் கிளப்பால் அடித்தோம் என்று எழுத இடம் கிடையாது என்று சொன்னேன்.

டிரைவரை முழுசாக மூட்டை கட்டச் சொல்லவில்லை. தூரம் எப்போதும் உதவும்; பிராடியின் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. வலது பக்கம் திறந்திருக்கும் நாலைந்து ஹோலில் டிரைவர், முள் நெருங்கும் இடத்தில் ஹைப்ரிட். எது எது என்று ரவுண்டுக்கு முதல் நாள் ராத்திரியே கார்டில் குறித்துவிட வேண்டும். டீயில் நின்று முடிவெடுத்தால் கை டிரைவரைத்தான் எடுக்கும்.

கொடைக்கானலில், 1895-ல் தொடங்கிய கிளப்பில் ஆடும் பழனி மலைக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்; உயரமும் சரிவும் மூடுபனியும் ஒன்றுதான். குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டன் கொஞ்சம் தாழ்வு, 6,000 அடி வாக்கில். தூரக் கணக்கில் ஒரு சதவீதம் குறைத்துக்கொண்டால் போதும்.

சிமுலேட்டர், வீடியோ, விலை உயர்ந்த பந்து பற்றியும் கேட்டான். சிமுலேட்டரில் ஒவ்வொரு கிளப்பும் எத்தனை யார்டு போகிறது என்று ஒரு தடவை அளந்துகொள்வது நல்லது, அதற்கு மேல் மலைச் சரிவை அது கற்றுக்கொடுக்காது. வீடியோவில் வாரத்துக்கு ஒரு புது ஸ்விங் கிடைக்கும், அதுதான் ஆபத்து. பந்து எதுவானாலும் சரி, ஒரே வகையாக ஆடுங்கள்.

இனி யாருக்கு எது? உங்கள் கார்டில் ஒரு ரவுண்டுக்கு இரண்டுக்கு மேல் பந்து தொலைந்தால், முதலில் ஆட்டத் திட்டம், அதோடு ஸ்லைஸுக்கு மட்டும் கோச். பந்து தொலையவில்லை, ஆனால் மூன்று பட்டும் ஏறாத சிப்பும் நாலைந்து இருந்தால், ஷார்ட் கேம். பணம் வீட்டிலேயே இருக்கட்டும். பந்தும் தொலையாமல் பட்டிங்கும் சுமாராக இருந்து, இரண்டு நல்ல அடிக்கு அப்புறமும் கிரீன் எட்டாத் தூரத்தில் இருந்தால், அப்போதுதான் டிரைவர் கடைக்குப் போக வேண்டும். அப்போதும் கடை ஆளிடம் அடித்துக் காட்டி, ஷாஃப்டும் (கிளப்பின் தண்டு) லாஃப்டும் (முகத்தின் சாய்வு) பொருத்தமாகப் பார்த்து வாங்க வேண்டும். அறுபதைத் தாண்டிய நண்பர்கள் பலர் இந்த மூன்றாவது வகை. அவர்களுக்குப் புது டிரைவர் உண்மையிலேயே நல்லது செய்கிறது.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் ஊட்டியில் ரவுண்டு முடிப்பதே பாடு. அந்த மாதங்களில் கோச்சும் வீட்டுக் கம்பளமும். பந்து ஈரத்தில் உருளாத காலத்தில் ஸ்கோரைத் துரத்த வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் தரை காய்ந்து பந்து ஓடும். தொண்ணூறுக்கு அதுதான் காலம்.

மாப்பிள்ளை கிரிப் மாற்றினான். கோச்சிடம் ஐந்து வகுப்புக்குச் சொல்லிவைத்திருக்கிறான். மிச்சப் பணம் பட்டறைக் கணக்கிலேயே இருக்கிறது. கார்டு ஓரத்தில் ஒவ்வொரு ஹோலுக்கும் மூன்று குறிப்பு போடச் சொல்லியிருந்தேன்: தொலைந்த பந்து, மூன்று பட், ஏறாத சிப். போன ஞாயிறு செட்டிபாளையத்திலிருந்து கார்டைப் படம் எடுத்து அனுப்பினான். 93. மூன்று பட் நாலு இடத்தில் விழுந்திருந்தது. அதற்குக் கீழே பென்சிலில் "பந்து 0" என்று எழுதி, இரண்டு தடவை வட்டம் போட்டிருந்தான்.